ஐடி ஃபேனுக்கு எந்த பேரிங் ஹவுசிங்? கழற்றிய பேரிங்கை முதலில் பாருங்கள்

கேள்வி இது: ரைஸ் மில்லில் உமி பாய்லருக்கு ஓடும் ஐடி ஃபேன், அதாவது பாய்லர் புகையை இழுத்து வெளியேற்றும் விசிறி. 70 மி.மீ ஷாஃப்ட், நிமிடத்துக்கு 1450 சுற்று, பெல்ட் டிரைவ். இம்பெல்லர் ஒரு முனையில், புல்லி மறு முனையில், நடுவில் பெடஸ்டல் (தாங்கு மேடை) மேல் இரண்டு யூசிபி 214, அதாவது பால் பேரிங்கும் ஹவுசிங்கும் ஒன்றாக வரும் யூனிட். இம்பெல்லர் பக்கத்துப் பேரிங் நான்கைந்து மாதத்துக்கு ஒரு முறை போய்விடுகிறது. பிளம்மர் பிளாக்குக்கு (மூடியும் அடிப்பாகமுமாகப் பிரியும், பேரிங்கைத் தனியாக வாங்கிப் போடும் ஹவுசிங்) மாறலாமா, மாறினால் எது வாங்குவது?

மாறலாம். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் மாறித்தான் இருப்பேன். ஆனால் கடைக்குப் போகும் முன் கடைசியாகக் கழற்றிய பேரிங்கைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால் வெளி வளையத்தை வெட்டிப் பிரித்து, டீசலில் கழுவி, வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். எந்த ஹவுசிங் வாங்க வேண்டும் என்பதை அந்தப் பேரிங்தான் சொல்லும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், பேரிங் போனதும் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பாரத்தைத்தான். “இன்னும் பெரிய சைஸ் போடுங்கள்” என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். யூசிபி 214-இன் உள்ளே இருக்கும் யூசி 214 பேரிங்கின் டைனமிக் திறன் (ஆயுள் கணக்குக்கு எடுக்கும் பாரத் திறன்) 62 கிலோநியூட்டனை ஒட்டியது. உங்கள் இம்பெல்லர் எடை, பெல்ட் இழுப்பு எல்லாம் சேர்த்து ஒரு பேரிங்குக்கு 400 கிலோ, அதாவது 4 கிலோநியூட்டன் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 62-ஐ 4-ஆல் வகுத்து, வரும் எண்ணின் மூன்றாம் அடுக்கை எடுத்தால் சுமார் 3,700 மில்லியன் சுற்று. 1450 சுற்று வேகத்தில் அது 42,000 மணி நேரத்துக்கு மேல். இரவு பகல் நிற்காமல் ஓடினாலும் ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்களுக்கோ ஐந்து மாதம்கூட வரவில்லை. ஆகவே பாரம் காரணமில்லை. தூசி, சூடு, கிரீஸ், பொருத்திய விதம், ஷாஃப்ட் நீளப் போக இடமில்லாமை ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ சேர்ந்துதான் கொன்றிருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் ஹவுசிங்கோடு சம்பந்தப்பட்டவை.

பேரிங்கில் என்ன பார்க்க வேண்டும்? பந்து ஓடிய தடம் மணல்தாள் தேய்த்தது போல மங்கிச் சாம்பல் நிறமாக இருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. தடம் பள்ளத்தின் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக ஏறியிருந்தால் பக்கவாட்டு விசை தள்ளியிருக்கிறது. இரண்டு பேரிங்கிலும் தடம் எதிரெதிர்ப் பக்கம் ஏறியிருந்தால், சூட்டில் ஷாஃப்ட் நீண்டு இரண்டையும் நெருக்கியிருக்கிறது. கிரீஸ் கருகிக் கரித்தூளாகி, வளையம் வைக்கோல் நிறமோ நீலமோ அடித்திருந்தால் சூடு. ஷாஃப்டில் பேரிங் உட்கார்ந்த இடத்தில் செம்பழுப்புத் துருப்பொடியும் சுற்றுக் கோடுகளும் இருந்தால், உள்வளையம் ஷாஃப்டின் மேல் நழுவிச் சுற்றியிருக்கிறது.

உமி பாய்லர் ஐடி ஃபேன் என்று கேட்டவுடனே எனக்குத் தோன்றுவது தூசியும், சூட்டில் ஷாஃப்ட் நீண்டு நெருக்குவதும். உமிச் சாம்பலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சிலிக்கா. கிரீஸோடு கலந்தால் அது தேய்ப்பு பேஸ்ட் மாதிரிதான். அதற்கு மேல், புகையின் சூடு இம்பெல்லர் வழியாக ஷாஃப்டுக்கு வந்து, நேரே பக்கத்துப் பேரிங்கில் இறங்குகிறது.

யூசிபி மோசமான பொருள் இல்லை. கன்வேயர், எலிவேட்டர், சல்லடை டிரைவ் போன்ற வேகம் குறைந்த, சூடில்லாத இடங்களில் அதைவிட மலிவான, எளிதான வழி கிடையாது. பேரிங்கின் வெளிப்புறம் கோள வடிவம் என்பதால் பெடஸ்டல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொருத்தும்போதே தானாக நேராகிவிடும். ஆனால் அதன் பலவீனங்கள் இரண்டும் உங்கள் ஃபேனில் வந்து சந்திக்கின்றன.

ஒன்று, கிரப் ஸ்க்ரூ. ஷாஃப்டை இறுகப் பிடிக்காமல், இரண்டு ஸ்க்ரூவால் ஒரு பக்கமாகத் தள்ளி நிறுத்துகிறது. ஷாஃப்ட் சரியான அளவில், எச்6 போன்ற நெருக்கமான டாலரன்ஸில் (அளவு விலகல் வரம்பு, எண் கூடினால் தளர்வு கூடும்) இருந்தால் பரவாயில்லை. கடையில் வாங்கிய பிரைட் பாரை அப்படியே போட்டால் எச்9, எச்11 என்றுதான் இருக்கும். அந்த இடைவெளியில் உள்வளையம் மையம் விலகி உட்காரும், அதிரும். கேட்டலாக் எழுதியிருக்கும் வேக வரம்பு நெருக்கமான ஷாஃப்டுக்கு உரியது. தளர்ந்த ஷாஃப்டுக்கு அது பல மடங்கு குறைந்துவிடும். 1450 சுற்று ஓடும் 70 மி.மீ ஷாஃப்டில் இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது, ஷாஃப்ட் நீண்டால் போக வழியில்லை. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.012 மி.மீ நீளும். உங்கள் பேரிங் இரண்டுக்கும் இடையே 800 மி.மீ இருந்து, ஷாஃப்ட் பெடஸ்டலைவிட 40 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் நீட்சி 0.38 மி.மீ. பேரிங்குக்குள் இருக்கும் இடைவெளி இதில் ஒரு சிறு பகுதிதான். யூசிபி இரண்டும் ஷாஃப்டை ஸ்க்ரூ போட்டுப் பிடித்திருக்கின்றன, ஹவுசிங் இரண்டும் போல்ட்டில் நிற்கின்றன. அந்த 0.38 எங்கே போகும்? பந்துகளைத்தான் நெருக்கும். நெருக்கினால் சூடு, சூடானால் இன்னும் நீட்சி.

பிளம்மர் பிளாக் இந்த இரண்டையும் தீர்க்கிறது. பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே வரும் அடாப்டர் ஸ்லீவ் என்ற சரிவான உறை ஷாஃப்டைச் சுற்றிலும் ஒரே சீராக இறுக்கிப் பிடிக்கிறது. எச்9 ஷாஃப்டே அதற்குப் போதும், வட்டம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். அப்புறம், ஹவுசிங்கின் இருக்கை பேரிங்கைவிட அகலமானது. உங்களுக்கு வரப்போகும் 516 ஹவுசிங்கில் இருக்கை 58 மி.மீ, 22216 பேரிங்கின் அகலம் 33. மீதி 25 மி.மீ. பேரிங்கின் இரு பக்கமும் 12.5 மி.மீ லொகேட்டிங் ரிங் போட்டால் அந்தப் பேரிங் அசையாது, அது ஃபிக்ஸ்டு. ரிங் போடாமல் பேரிங்கை நடுவில் வைத்தால் ஷாஃப்டோடு சேர்ந்து நகரும், அது ஃப்ரீ. ஒரு முனை ஃபிக்ஸ்டு, மறுமுனை ஃப்ரீ. இதில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. கடைக்காரர் ஹவுசிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரிங் கொடுப்பார், கொடுத்ததை எல்லாம் போட்டுவிட வேண்டும் என்று ஃபிட்டர் நான்கையும் போட்டுவிடுவார். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் புது பிளம்மர் பிளாக் போட்டும் மூன்றே வாரத்தில் பேரிங் போயிற்று. திறந்து பார்த்தால் நான்கு ரிங்கும் உள்ளே. யூசிபியில் இருந்த அதே வியாதியை அதிக விலை கொடுத்து வாங்கியிருந்தோம்.

எந்த முனையை ஃபிக்ஸ்டு வைப்பது? ஃபேன் தயாரித்தவரின் வரைபடம் இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால் புல்லிப் பக்கம் ஃபிக்ஸ்டு, சூடான இம்பெல்லர் பக்கம் ஃப்ரீ என்று வைப்பது என் வழக்கம். நீட்சி முழுதும் இம்பெல்லர் பக்கமாகப் போகும் என்பதால், இன்லெட் கோனுக்கும் இம்பெல்லருக்கும் உள்ள இடைவெளியை மட்டும் சூட்டில் உரசாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, நம்பர் விஷயத்துக்கு வருவோம். 70 மி.மீ ஷாஃப்டுக்கு 514 ஹவுசிங் என்று கேட்டு வாங்கி ஏமாறாதீர்கள். யூசிபி 214-இல் 14-ஐ ஐந்தால் பெருக்கினால் ஷாஃப்ட் அளவு வரும். பிளம்மர் பிளாக்கில் அப்படிப் பெருக்கினால் வருவது பேரிங்கின் துளை. ஸ்லீவுக்கு இடம் போக ஷாஃப்ட் அதைவிடச் சிறியது. 516 என்றால் பேரிங் துளை 80, அதற்கு எச் 316 ஸ்லீவ், ஷாஃப்ட் 70. பெட்டியில் “எஸ்என்எல் 516-613” என்று இரட்டை நம்பர் இருந்தால் குழம்ப வேண்டாம். 140 மி.மீ வெளிவிட்டம் உள்ள பேரிங் எதுவும் அதில் உட்காரும் என்று பொருள்: 516 வழியில் 70 மி.மீ ஷாஃப்ட், 613 வழியில் 60 மி.மீ ஷாஃப்ட். ஸ்லீவ் இல்லாமல் படி வெட்டிய ஷாஃப்டில் நேரே ஏற்றும் பேரிங்குக்கு 200, 300 வரிசை தனியாக இருக்கிறது. வாங்கும்போது பேரிங் நம்பரின் முடிவில் “கே” இருக்கிறதா என்று பாருங்கள். கே இருந்தால்தான் சரிவுத் துளை, ஸ்லீவில் ஏறும்.

முன்கூட்டியே சொல்லிவிட வேண்டிய ஒரு வில்லங்கம் உண்டு. யூசிபி 214-இல் அடிப்பாகத்திலிருந்து ஷாஃப்ட் மையம் 79.4 மி.மீ. 516 பிளம்மர் பிளாக்கில் 95. போல்ட் துளை தூரம் அங்கே 210, இங்கே 260. அதாவது ஷாஃப்ட் 15.6 மி.மீ மேலே போய்விடும், பழைய துளையும் ஒத்துவராது. ஃபேன் கேசிங்கைத் தூக்க முடியாது, ஆகவே பெடஸ்டல் மேல்தகட்டை வெட்டி இறக்கி, 260-க்கு அகலம் இருக்கிறதா என்று பார்த்து, புதுத் துளை போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுனில் மாற்றிவிடலாம் என்று ஆரம்பித்துவிட்டு, மதியம் மூன்று மணிக்கு இதைக் கண்டுபிடிப்பது மிகக் கொடுமை. இப்போதே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

உள்ளே எந்தப் பேரிங் என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. பெரும்பாலோர் 22216 கே ஸ்பெரிக்கல் ரோலரைக் கேட்பார்கள். அது பெரும் பாரத்துக்கானது. ரோலர் பேரிங்குக்குக் குறைந்தபட்சப் பாரம் ஒன்று வேண்டும். பாரம் மிகக் குறைவாக இருந்தால் ரோலர் உருளாமல் வழுக்கும், தேயும். உங்கள் இம்பெல்லர் சிறியது, பெல்ட் இழுப்பும் அளவானது என்றால் 2216 கே செல்ஃப் அலைனிங் பால் பேரிங் அதே ஹவுசிங்கில், அதே ஸ்லீவில், அதே ரிங்கோடு பொருந்தும். உராய்வு குறைவு, குளிர்ச்சியாக ஓடும். இம்பெல்லரில் சாம்பல் ஒட்டி அடிக்கடி பேலன்ஸ் போகிறது, அதிர்வு அதிகம் என்றால் ரோலரே பாதுகாப்பு. உமிச் சாம்பல் ஃபேன் என்பதால் நான் ரோலர் பக்கம்தான் சாய்வேன். எதுவானாலும் சி3 இடைவெளி, அதாவது சாதாரணத்தைவிடக் கூடுதலான உள் இடைவெளி கேளுங்கள். ஷாஃப்ட் வழியாகச் சூடு வரும் இடத்தில் உள்வளையம்தான் முதலில் விரியும்.

அடுத்தது பெல்ட் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது. இதைக் கேட்காமலே ஹவுசிங் விற்கிறார்கள் என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். பிளம்மர் பிளாக் அடிப்பாகத்தை நோக்கி வரும் பாரத்துக்காகச் செய்யப்பட்டது. மோட்டார் கீழே இருந்து இழுத்தால் எந்தக் கவலையும் இல்லை. பக்கவாட்டில் இழுத்தால் ஹவுசிங்கை நிறுத்தி வைப்பது போல்ட்டின் இறுக்கத்தால் வரும் உராய்வு மட்டும்தான். நாளடைவில் நகரும். அதற்கு அடியில் டோவல் பின் (நகராமல் நிறுத்தும் முளை) போடலாம், அல்லது இழுக்கும் பக்கம் ஒரு தடுப்புக் கட்டையைப் பெடஸ்டலில் வெல்ட் செய்யலாம். மோட்டார் மேலே இருந்து இழுத்தால் பாரம் முழுதும் மூடியிலும் மூடி போல்ட்டிலும் விழும். கேட்டலாக்கில் கோணவாரியாக உடைவுப் பாரம் கொடுத்திருப்பார்கள், மேல்நோக்கிய இழுப்புக்கு அதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

ஹவுசிங்கின் உலோகம் பற்றி உங்கள் ஃபேனுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம், சாதாரண வார்ப்பிரும்பு போதும். கல் உடைக்கும் கிரஷர், அதிர்வு சல்லடை, கரும்பு ஆலையின் கட்டர் மாதிரி அடி விழும் இடங்களுக்கு அது ஆகாது. வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விட்டு நேராக உடையும். அங்கே எஸ்ஜி அயர்ன் (எளிதில் விரிசல் விடாத வார்ப்பிரும்பு வகை) அல்லது வார்ப்பு எஃகு. தினம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் உணவுத் தொழிற்சாலைகளுக்கு ஸ்டெயின்லெஸ் அல்லது பிளாஸ்டிக் ஹவுசிங். கன்வேயரின் வால் புல்லியை இழுத்து இறுக்க டேக்கப் யூனிட், தகட்டுச் சுவரில் மாட்ட ஃபிளாஞ்ச் யூனிட்.

சீல் விஷயத்தில் மட்டும் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். உங்கள் ஷாஃப்டின் மேற்பரப்பு வேகம் முதலில்: 70 மி.மீ விட்டம், 1450 சுற்று என்றால் வினாடிக்கு 5.3 மீட்டர். ஃபெல்ட் சீலின் வரம்பு 4 மீட்டர். பிளம்மர் பிளாக்கோடு சும்மா வரும் ஃபெல்ட்டைப் போட்டால் அது கருகி, சில மாதத்தில் ஷாஃப்டில் பள்ளமும் போட்டுவிடும். இரட்டை உதடு ரப்பர் சீல் 8 மீட்டர் வரை தாங்கும், வேகக் கணக்குப்படி சரி. ஆனால் ரப்பர் உதட்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே சிலிக்காத் தூள் மாட்டினால் இரண்டும் தேயும். நான் லேபிரிந்த் சீல் (வளைந்து வளைந்து போகும் குறுகிய இடைவெளியால் தூசியைத் தடுப்பது) போடச் சொல்வேன். ஒன்றோடொன்று உரசாது, ஆகவே வேக வரம்பும் இல்லை, சூட்டுக்கும் பயமில்லை. அதில் கிரீஸ் நிப்பிள் வைத்து அவ்வப்போது புதுக் கிரீஸ் தள்ளினால் சாம்பல் வெளிப்பக்கமே தள்ளப்படும். ஒரு கண்டிப்பு உண்டு: லேபிரிந்த் கோணல் தாங்காது, 0.3 டிகிரிதான். பேரிங் தானாக நேராகிக்கொள்ளும், சீல் ஆகாது. பெடஸ்டலை ஒழுங்காக லெவல் செய்தே ஆக வேண்டும்.

இம்பெல்லருக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஷாஃப்டில் இடம் இருந்தால் ஒரு அலுமினியக் கூலிங் டிஸ்க் கவ்வ வையுங்கள். ஷாஃப்டில் வரும் சூட்டைக் காற்றில் இறைத்துவிடும். 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. 100 டிகிரியில் ஓடிய பேரிங்கை 70-க்கு இறக்கினால் கிரீஸ் நான்கு மடங்கு காலம் வரும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை பல, இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முதலாவது, மூடியும் அடிப்பாகமும் சேர்த்து வைத்துக் கடைந்தவை. இரண்டு ஹவுசிங்கையும் ஒரே நேரத்தில் திறந்து, இதன் மூடியை அதில் போட்டால் வட்டம் கெட்டுவிடும். திறக்கும் முன் பெயிண்ட்டால் 1, 1 என்றும் 2, 2 என்றும் குறித்துவிடுங்கள். இரண்டாவது, பெடஸ்டலின் மேல்தகடு தட்டையாக இருக்க வேண்டும். வெல்ட் செய்த தகடு கட்டாயம் வளைந்திருக்கும். அதன்மேல் வைத்து போல்ட்டை முடுக்கினால் ஹவுசிங் வளைந்து, இருக்கை நீள்வட்டமாகி, பேரிங்கை இரு பக்கமும் கிள்ளும். தகட்டை மில்லிங் அல்லது பிளேனிங் செய்து வாங்குங்கள். ஷிம் போட வேண்டியிருந்தால் போல்ட் பக்கத்தில் துண்டு வைக்காமல் அடிப்பாகம் முழுவதற்கும் ஒரே ஷிம்மாக வெட்டுங்கள்.

ஸ்லீவை இறுக்கும் லாக் நட்டைச் சுத்தியலும் பஞ்ச் கருவியும் வைத்து “இறுகும் வரை” அடிப்பது நம் ஊரில் வழக்கம். 22216 கே சி3 பேரிங்கில் ஏற்றும் முன் உள் இடைவெளி 0.095 முதல் 0.12 மி.மீ வரை இருக்கும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து ரோலருக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே அளந்து எழுதிக்கொண்டு, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, அந்த அளவு ஏறத்தாழ 0.04 மி.மீ குறைந்ததும் நிறுத்துங்கள். அதற்குக் குறைந்தால் ஸ்லீவ் நழுவும், கூடினால் பேரிங் சூடாகும். கடைசியில் லாக் வாஷரின் நாக்கை நட்டின் வெட்டில் மடிக்க மறக்க வேண்டாம். பால் பேரிங் போட்டால் ஃபீலர் நுழையாது, அதற்கு நட்டை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று கேட்டலாக்கில் இருக்கும்.

கிரீஸ் அதிகம் வைப்பதை அன்பு என்று நினைக்கிறார்கள். பேரிங்கை முழுக்க நிரப்புங்கள், ஹவுசிங்கின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக வைத்தால் போதும். முழுக்க அடைத்தால் கிரீஸ் கடைபட்டுக் கடைபட்டே சூடேறும். லித்தியம் காம்ப்ளக்ஸ் கிரீஸ், என்எல்ஜிஐ 2 (கெட்டித்தன்மை எண்) போதும். பிறகு போடும் அளவுக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு: வெளிவிட்டம் பெருக்கல் அகலம் பெருக்கல் 0.005. உங்களுக்கு 140 × 33 × 0.005, சுமார் 23 கிராம். கிரீஸ் கன்னில் பத்து அடி அடித்து, மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு அடிக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும், அதைக் கன்னின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒரு முறை என்று தொடங்கி, சீல் வழியாக வெளியே வரும் கிரீஸின் நிறத்தைப் பார்த்து இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

உள்ளூர் ஃபவுண்டரி ஹவுசிங் வாங்கலாமா என்றும் கேட்பீர்கள். வாங்கலாம், நல்லவை இருக்கின்றன. மூடியை முடுக்கிய நிலையில் துளையை போர் கேஜால் (உள்விட்டம் அளக்கும் கருவி) மேலும் கீழும், இடமும் வலமும் அளக்கக் கேளுங்கள். அளக்க விடாத இடத்தில் வாங்காதீர்கள். பேரிங்கை மட்டும் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு வாங்குங்கள். பிரபல பிராண்ட் பெட்டியில் வரும் போலிகள் சந்தையில் நிறைய.

புது ஹவுசிங்கோடு முதல் நாள் ஓட்டும்போது சில மணி நேரம் சூடு ஏறிக்கொண்டே போகும், பிறகு மெதுவாக இறங்கி ஓரிடத்தில் நிற்கும். கிரீஸ் ஓரங்களுக்கு ஒதுங்குவதால் வருவது அது. அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திக் கூடுதல் கிரீஸ் அடித்துவிடாதீர்கள். மணிக்கொரு முறை இரண்டு ஹவுசிங்கின் சூட்டையும் எழுதி வையுங்கள். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு, முதலில் இம்பெல்லர் பக்கத்து மூடியைத் திறந்து, யாராவது அங்கே லொகேட்டிங் ரிங்கைப் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள்.